குறையில்லாத பல்லக்கின் ஒரே குறை

நலம் பெருகுக, நெல் பொலிக. இரண்டு ஆற்றுக்கும் ஒரு மலைக்கும் உரியவராய் வெண்ணாவல் நாட்டைக் காத்தருளும் சேந்தன் வெண்குடையார் திருவுளப்படி, ஓலைநாயகம் கண்டன் மாதவன் எழுதிய திருமுகம். கடல் காவல் செய்ய, உப்பு விளைந்து குவிய, நூறு நாவாய்க்கு நாயகியாய் நெய்தலங்கரை நாட்டைப் புரக்கும் பேரரசி ஆழிமாதேவியார் இது கண்டருள்க. அங்கே தேவியாரும் இளவரசியாரும் பரிவாரமும் நலம் என்று கேட்க விழைகிறோம். இங்கே மன்னர் நலம். மன்னரின் பல்வலியும் குறைவின்றி இருக்கிறது.

தேவியார் மாசித் திங்களில் விடுத்த திருமுகம் அவையில் படிக்கப்பட்டபோது, அவையினர் அனைவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். முடிசூட்டு நாளில் தாம் ஏறி வந்த பல்லக்கை நான்கு ஆண்டுக்கு முன் வெண்ணாவல் நாட்டு மறுவிலைக் கூடத்துக்கு விற்றதையும், இளவரசியாரின் மணத்துக்கு அதுவே வேண்டுமென்று மீண்டும் வாங்கிவரத் தூதரை அனுப்பியதையும் தேவியார் நினைவூட்டியிருந்தார். அத்தூதரிடம் கூடத்து அதிகாரி, அப்பல்லக்கை உள்ளே செல் அரித்திருக்கிறது என்றும், தூக்கி நடக்கும்போது அதன் தண்டு நரி ஊளையிடுவது போலக் கத்தும் என்றும், அதில் அமர்ந்தவருக்கு மூன்று நாள் விக்கல் நிற்காது என்றும் கூறியதாக எழுதியிருந்தார். தம் பல்லக்கில் விக்கல் இருந்ததாகத் தம் நாட்டில் எவரும் சொல்லத் துணிந்ததில்லை என்றும், இது அறியாமையா பகையா என்பதைச் சித்திரை நிறைமதிக்குள் தெரிவிக்காவிடில் உப்புத் தோணிகள் இங்கு வாரா என்றும் முடித்திருந்தார். சினம் முறையானதே. ஆனால் நடந்தது பகையுமன்று, அறியாமையுமன்று. ஆதலால் அதை முதலிலிருந்து சொல்லும்படி மன்னர் பணித்தருளினார்.

அந்த அதிகாரியின் பெயர் ஏறன் சாத்தனார். ஒருவர் வேண்டாமென்று தள்ளியதை வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, வேண்டுமென்பவருக்கு விற்பது அவர் கூடத்தின் தொழில். முப்பது ஆண்டுகளாக அதில் பாதித் தொழிலை அவர் மிகச் சிறப்பாகச் செய்துவந்தார். வாங்குவார். ஒற்றைச் சங்கிலி ஊஞ்சல், கைப்பிடி மட்டும் மிஞ்சிய சாமரம், ஏதோ ஒரு கோயில் கைவிட்ட மரக்குதிரை என்று எது வந்தாலும், இதற்கு ஒரு நாள் ஆள் வருவார் என்று கண் பனிக்க வாங்கிக்கொள்வார். அந்த ஆள் உண்மையாகவே வந்து ஒரு செம்பைக் கையில் எடுத்துவிட்டால், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பன் போல ஏறனார் முகம் வாடிவிடும். அதைப் பார்த்து வந்தவர் இரக்கப்பட்டுச் செம்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். இவ்வாறு கூடத்தில் நடக்க இடமில்லாமல் போயிற்று. அதே வேளையில் யானைப்பந்தி அதிகாரி கடம்பனார், பத்தொன்பது யானைக்குப் பதினாறு கொட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி, நிறைமதிதோறும் ஒரு கயிற்றோடு வந்து கூடத்தின் சுவரை அளந்துகொண்டு போனார்.

இந்நாட்டில் சித்திரை முதல் நாளன்று அதிகாரிகள் அவையில் நின்று, அவ்வாண்டில் தாம் செய்யத் துணிந்ததை உரைப்பது வழக்கம்; அதற்குத் துணிவு என்றே பெயர். அது ஓலையில் எழுதப்பட்டு அவரவர் வாயிலில் ஆண்டு முழுவதும் தொங்கும். பண்டார அதிகாரி விடியலில் எழப்போவதாக ஒன்பதாம் முறையாக உரைத்தார். மன்னர் வெல்லப் பணியாரத்தைக் குறைப்பதாக உரைத்தருளினார். அது என்னவாயிற்று என்பதைப் பல்வலியைப் பற்றி மேலே எழுதியதிலிருந்து தேவியார் ஊகித்தருளலாம்.

ஏறனார் முறை வந்தது. இரண்டு விற்காமல் ஒன்று வாங்குவதில்லை என்றார், அவை தலையசைத்தது. எந்தப் பொருளுக்கும் விலை சொல்லுமுன் அதன் குறையை வாய்விட்டுச் சொல்லுவேன் என்றார், அவை வியந்தது. அந்த வியப்பில் சற்று மயங்கி, எவரும் கேளாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: அன்று கூடத்தில் கிடக்கும் பழஞ்சரக்கில் அடுத்த சித்திரைக்குள் ஒரு துரும்பும் மிஞ்சாது, மிஞ்சினால் கூடத்தை யானைகளுக்கு விட்டுவிட்டுத் தாம் எல்லைச் சாவடிக்குப் போய்விடுவதாக. கடம்பனார் எழுந்து நின்று அவரை வாழ்த்தினார். இவர் நாக்கு இவரைக் கைவிட்டது அன்று ஒருநாள்தான் என்று கூற முடியாது. ஆனால் அன்றுபோல் என்றும் கைவிட்டதில்லை.

சித்திரை முழுவதும் ஒரு கரண்டியும் விற்கவில்லை. இழவு சொல்ல வந்தவர் போல அவர் குறைகளைச் சொன்னதால், கேட்டவர்கள் ஆறுதல் கூறிவிட்டுப் போனார்கள். வைகாசியில் ஒரு பூக்காரி வந்தாள். குத்துவிளக்கு ஒன்றைக் காட்டி, இது இடப்பக்கம் சாயும் என்று ஏறனார் வருந்தினார். தன் வீட்டுத் தரை வலப்பக்கம் சரிவு என்றும், இதுவரை தன் வீட்டில் எந்த விளக்கும் நேராக நின்றதில்லை என்றும் சொல்லி அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள். ஏறனார் வாயிலில் நெடுநேரம் நின்றார். பொருளுக்கு மட்டுமன்று, அதன் குறைக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது முப்பது ஆண்டில் அவருக்கு அன்றுதான் விளங்கிற்று.

அதன்பின் கூடத்தில் கூட்டம் கூடியது. கிறீச்சிடும் கட்டிலை, மருமகன் காலையில் எப்போது எழுகிறான் என்று அறிய விரும்பிய மாமனார் ஒருவர் வாங்கினார். ஒற்றைச் செருப்பை, போரில் ஒரு காலை இழந்த வீரர் வாங்கினார்; வாழ்நாளில் முதன்முறையாகப் பாதி விலை கொடுத்ததாக அவர் மகிழ்ந்தார். கடம்பனாரே ஓர் அளவுக்கயிறு வாங்கினார். நனைந்தால் சுருங்கும் என்று ஏறனார் சொல்லித்தான் கொடுத்தார்; அதை மறந்துவிட்டு அவர் ஐப்பசி மழையில் சுவரை அளந்து, கூடம் வளர்ந்திருக்கிறது என்று அவையில் முறையிட்டார். இவ்வோலை எழுதுவோனும் ஓர் எழுத்தாணி வாங்கினான். மிகையான புகழ்ச்சியை எழுதும்போது அது வழுக்கும் என்று அப்போதே சொல்லப்பட்டது.

தைத் திங்களில் தரை தெரிந்தது. பழஞ்சரக்கில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, தேவியாரின் பல்லக்கு. அதை வாங்க ஆள் வராமல் இல்லை. பல்லக்கேறும் உரிமை பெற்ற பெருங்குடியினர் எழுவர் வந்தனர். எழுவருக்கும் ஏறனார் குறை சொன்னார், ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவில்லை. ஒருவரிடம் தேள், ஒருவரிடம் பேன், ஒருவரிடம் அதில் ஏறியவர் மூவர் வழக்கில் தோற்றனர் என்ற செய்தி. எட்டாவதாக வந்த தேவியாரின் தூதருக்குச் செல்லும் ஊளையும் விக்கலும் வாய்த்தன.

இதை அறிய மன்னர் தாமே, குடையின்றி, கொம்பின்றி, ஒரு நண்பகலில் கூடத்துக்கு எழுந்தருளினார். ஏறனார் அப்போது உணவுக்குப் போயிருந்தார். வெறுங்கூடத்தின் நடுவே பல்லக்கு மட்டும், திரை இறங்கியபடி இருந்தது. மன்னர் அதைச் சுற்றி வந்து தண்டைத் தட்டிப் பார்த்தார். அப்போது திரைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் பேசியது. அது பேசியதைப் பேசியபடியே எழுதுமாறு ஆணை.

"வாங்க வந்தது யாரோ தெரியவில்லை. ஐயா, அவர் வருமுன் பேசி முடித்து எடுத்துக்கொண்டு போம். அவர் சொல்லுகிற குறை ஒன்றும் இதில் இல்லை, அத்தனையும் பொய். கூடம் போனால் அந்த மனிதர் உயிர் தரிக்கமாட்டார். எனக்கு என்ன, வீட்டில் படுத்துக்கொள்வேன்."

பேசியவர் ஏறனாரின் மனைவி வெண்ணங்கை. இரண்டு ஆண்டுக்கு முன் ஆற்றுப்படியில் விழுந்து இடுப்பு முறிந்தவர். நடக்க முடியாது, பாயிலும் பலகையிலும் அரை நாழிகை உட்கார முடியாது. வலி பொறுக்கும் இருக்கை இவ்வுலகில் ஒன்றே ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது. அது தேவியாருக்கென்று அளவெடுத்துச் செய்த அந்தப் பல்லக்கின் மெத்தை. தச்சரைக் கொண்டு ஏறனார் அதைப்போலவே மூன்று இருக்கைகள் செய்வித்தார், ஒன்றும் ஒத்துவரவில்லை. மூன்றும் குறை சொல்லி விற்கப்பட்டன. ஆகவே அவர் நாள்தோறும் காலையில், கூடத்துக்குப் பின்னிருக்கும் தம் வீட்டிலிருந்து மனைவியைக் கையில் தூக்கி வந்து அதில் அமர்த்துவார். வெண்ணங்கையார் திரைக்குள் இருந்தபடி வருவோர் பேச்சைக் கேட்பார். எந்தக் குறைக்கு எந்த ஆள் என்று கணவருக்குச் சொல்லிக் கொடுப்பார். பூக்காரிக்குப் பின் விற்ற பொருளில் பாதிக்கு மேல் அவர் யோசனையால் விற்றவை என்பது இப்போதுதான் வெளியாயிற்று.

பல்லக்கேறும் உரிமை இல்லாதவர் பல்லக்கை உடைமையாகக் கொள்ளக்கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். சரக்காகக் கூடத்தில் கிடக்கும்வரை அதில் ஒருவர் அமர்வதைச் சட்டம் தடுக்கவில்லை. அது நகராதவரையில் அது ஏறிச்செல்வதும் ஆகாது என்று ஏறனார் தமக்குத் தாமே ஒரு தீர்ப்பும் எழுதி வைத்திருந்தார். ஆனால் சரக்காகக் கிடந்தால் துணிவு தோற்கும், கூடம் போகும். விற்றால் கூடம் நிற்கும், மனைவியின் இருக்கை போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அம்மனிதர் தை, மாசி, பங்குனி என்று மூன்று திங்கள் பொய் சொல்லிக் காலம் கடத்தினார். மெய்யான குறையைச் சொல்ல நாணியவர்கள் உண்டு; இல்லாத குறையைச் சொல்லி அகப்பட்டவரை இந்த அவை முதன்முறையாகக் கண்டது.

பங்குனிக் கடைசி நாளில் அவை கூடியது. கடம்பனார் புதுக்கயிற்றோடு வந்திருந்தார். ஏறனார் தம் வாயிலோலையைத் தாமே கழற்றிக் கையில் கொண்டுவந்து, தாம் பொய்யர் என்றும், தேவியாரின் பல்லக்கில் பழுதே இல்லை என்றும், சாவடிக்குப் போக மூட்டை கட்டியாயிற்று என்றும் விண்ணப்பித்தார். மன்னர் வெண்ணங்கையாருக்குப் பல்லக்கேறும் உரிமையை அவ்விடத்திலேயே அளித்தருளினார். பின், நாள் இன்னும் முடியவில்லை, சரக்கு விலைக்கு உண்டா என்று வினவியருளினார். ஏறனாருக்கு இது விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும், தம் ஓராண்டு ஊதியமான நெற்படி முழுவதையும் கொடுத்து மனைவி பெயரில் தாமே வாங்குவதாகச் சொன்னார்.

ஆனால் துணிவு துணிவுதான். விற்பவரும் அவர், வாங்குபவரும் அவர். ஆயினும் விலைக்கு முன் குறை சொல்லியாக வேண்டும் என்று மன்னர் நினைவூட்டினார். பொய்க்குறை ஏற்கப்படாது என்றும் சொன்னார். கூடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பல்லக்கு அவையின் நடுவே இருந்தது. திரை உயர்த்தப்பட்டு வெண்ணங்கையார் உள்ளே அமர்ந்திருந்தார். ஏறனார் தண்டிலிருந்து தொங்கல் வரை தடவித் தடவிப் பார்த்தார். எட்டுப் பேருக்கு எட்டு விதமாகக் குறை கண்டுபிடித்த அவருக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பல்லக்கை விட்டு மனைவியைப் பார்த்தார்.

"இதில் ஒருவர்தான் உட்காரலாம்," என்றார்.

கடம்பனார் தம் கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆதலால் தேவியார் அறிந்தருள வேண்டியது யாதெனில், தங்கள் பல்லக்குக்குச் செல் இல்லை, ஊளை இல்லை, விக்கல் இல்லை. அதைத் திருப்பித் தரவும் வழியில்லை. பொய் உரைத்த குற்றத்துக்குத் தண்டமாக, இவ்வோலை இரு நாட்டு வாயில்களிலும் உரக்கப் படிக்கப்பட வேண்டும் என்பது மன்னர் கட்டளை. ஊரார் பொருள்களின் குறையை உரைத்தவர் குறையை ஊர் கேட்கட்டும். இளவரசியாரின் மணத்துக்கு எம் தச்சர் செய்த பல்லக்கு ஒன்று இத்துடன் காணிக்கையாக வருகிறது. அதன் குறையையும் சொல்லிவிடுகிறோம்: அது புதிது, இன்னும் எவரையும் சுமந்து பழகவில்லை. உப்புத் தோணிகள் வழக்கம்போல் வருக.

இன்று சித்திரை முதல் நாள். ஏறனார் இவ்வாண்டுக்கு ஒரே ஒரு துணிவுதான் உரைத்தார். மன்னரும் அதை ஏற்று அவருக்கும் பல்லக்குரிமை நல்கினார். அதன்பொருட்டே இவ்வோலை தேவியார் பண்டாரத்துக்கு ஒரு விண்ணப்பத்தையும் சுமந்து வருகிறது. இருவர் அருகருகே அமரும் பழம்பல்லக்கு ஏதேனும் அங்கே கிடக்குமாயின், முதலில் அதன் குறையையும் பிறகு விலையையும் தெரிவித்தருள்க. குறை எதுவாயினும் வாங்க இங்கே ஆள் இருக்கிறார்.

இவ்வாறு வெண்குடையார் வாய்மொழி கேட்டு எழுதி, நாவற்கிளை இலச்சினை இட்டேன், கண்டன் மாதவன். தேவியாரின் புகழை உரைத்த இடத்தில் எழுத்து எங்கும் வழுக்கவில்லை என்பதைக் கண்டருள்க.