மரத்தடிக்கு நடந்த கரும்பலகை

என் பேச்சுகளை முதல் வரிசையில் அமர்ந்து, ஒருமுறையும் கைதட்டாமல் கேட்ட மச்சானுக்கு,

மலைப் பள்ளி ஆண்டு மலர் வெளியிடுகிறது. பள்ளியின் வரலாற்றை எழுதித் தருமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் தலைமையாசிரியராக இருந்த காலத்தை நான்தான் நன்கறிவேனாம். அறிவேன். அறிந்ததை மறைத்தே இத்தனை ஆண்டு வாழ்ந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அந்த வரலாற்றை உங்களுக்கே மடலாக எழுதுகிறேன். இதையே அச்சுக்கும் கொடுக்கப்போகிறேன்.

கூரைக் கொட்டகையில் தொடக்கப் பள்ளியாய்ப் பிறந்து, நடுநிலையாகி, எழுபதுகளில் உயர்நிலைப் பள்ளியானது அது. சாரணர் படை, காய்கறித் தோட்டம், வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றம் எல்லாம் நீங்கள் தொடங்கியவை. மன்றத்துக்கு என்னை அழைப்பீர்கள். "மாப்ள, கொஞ்சம் மெதுவா பேசுங்க, பசங்க பயப்படுது" என்பீர்கள்.

எந்த அறிக்கையிலும் ஏறாத திட்டம் ஒன்றும் இருந்தது. புளி உலுக்கும் பருவத்தில் மலைக் குடும்பங்கள் பிள்ளைகளோடு தோப்புக்குப் போய்விடும். தேர்வு நெருங்கும் வேளையில் வகுப்புகள் வெறிச்சோடும். நீங்கள் பள்ளியையே தோப்புக்கு அனுப்பினீர்கள். ஏவலர் சின்னாண்டி கரும்பலகையைத் தலையில் சுமந்து முன்னே நடப்பார். பின்னால் இரண்டு ஆசிரியர்கள். காலையில் இரண்டு மணி நேரம் மரத்தடியில் கணக்கும் அறிவியலும் நடக்கும். பிறகு பிள்ளைகள் புளி பொறுக்கப் போவார்கள். வருகைப் பதிவேட்டிலோ, அவர்கள் நாள் முழுவதும் வகுப்பறையில் இருந்ததாகக் குறிப்பீர்கள்.

"இத மேடையில மட்டும் பேசிடாதீங்க மாப்ள. ரூல்ஸ்ல இதுக்கு எடமில்ல."

"நான் பேசுவேனா மச்சான்?"

"நீங்களா? மைக்கக் கண்டா வூட்டுக்கு வழியே மறந்துடுவீங்க."

இருவரும் சிரித்தோம். நான் பேசிவிட்டேன்.

திருப்பத்தூரில் ஒரு தமிழ் விழா. கூட்டம் சற்றே சோர்ந்திருந்தது. அதை எழுப்ப எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. "பிள்ளை பள்ளிக்கு நடக்கும் ஊர்களைக் கண்டிருப்பீர்கள். பிள்ளையைத் தேடிப் பள்ளி நடக்கும் மலையைக் கண்டதுண்டா?" என்று முழங்கினேன். தோப்பைச் சொன்னேன், கரும்பலகையைச் சொன்னேன், உங்கள் பெயரையும் சொன்னேன். அரங்கம் அதிர்ந்தது. மேடையில் இருந்த கல்வி அலுவலர் ஒருவர் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினார். என் சொல்லழகைக் குறித்துக்கொள்கிறார் என்று மகிழ்ந்தேன்.

அந்த மாதமே ஆய்வுக்கு வந்தார்கள். பதிவேட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், அறைகளில் இல்லை. உங்களைச் சமவெளிக்கு மாற்றி ஆணை வந்தது. மரத்தடி வகுப்பு நின்றது. அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் தேர்வு எழுத வரவில்லை.

அதையாவது பொறுத்திருப்பீர்கள். என் இரண்டாம் குற்றத்தைக் கேளுங்கள். "யாருங்க மாப்ள சொல்லியிருப்பாங்க?" என்று நீங்கள் கேட்டபோது, "எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் மச்சான். பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிறவன்தான்" என்றேன். அந்த வாரந்தான் விடுப்புக்காகச் சின்னாண்டி உங்களோடு வாய்ச்சண்டை போட்டிருந்தார். நான் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நீங்கள் மலையிறங்கிய நாளில் அவர் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து, பேருந்து ஏறும் ஜமுனாமரத்தூர் வரை வந்தார். நீங்கள் வாங்கவில்லை. பேருந்து புறப்பட்டபோது பழத்தோடு அப்படியே நின்றிருந்தார். உங்கள் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். அப்போதாவது வாய் திறந்திருக்கக் கூடாதா?

கடைசியாக நோயில் கிடந்தபோதும் ஒருநாள் சொன்னீர்கள்: "சின்னாண்டி மேல கோவம் இல்ல மாப்ள. மூஞ்சப் பாக்கத்தான் மனசு வர்ல." கட்டிலருகே அமர்ந்திருந்த நான் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன்.

இப்போது பள்ளிக்குக் கல் கட்டடம் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டுகிறார்கள். மலர் வெளியீட்டு விழா அழைப்பிதழைக் கொண்டுவந்தவர் சின்னாண்டிதான். இவ்வாண்டோடு ஓய்வு பெறுகிறாராம். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அய்யா, சார் போய்ட்டாரு. இப்பவாவது சொல்லுங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்? ஏன் எங்கிட்ட பேசாமலே போனாரு?"

ஆயிரம் பேரை அடக்கும் என் நா, "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா, கெளம்பு" என்றது.

அவர் போனபின் இம்மடலை எழுதத் தொடங்கினேன். இதுவரை எழுதியதை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அவளும் இன்றுதான் அறிகிறாள். படித்துவிட்டுத் தாளை மடித்துக் கையில் தந்தாள்.

"சின்னாண்டிக்குப் படிக்கத் தெரியாது. மொதல்ல அவரு வூட்டுக்குப் போய் வாயால சொல்லிட்டு வாங்க. அப்புறமா நம்ம வூட்டுக்கு வரலாம்."

நாளைக் காலை முதல் பேருந்தில் மலையேறுகிறேன், மச்சான். விழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது. மேடை இருக்காது, ஒலிபெருக்கி இருக்காது. அவர் வாசலில் நின்று, அந்தப் பெயரில்லாக் கடுதாசியை எவரும் எழுதவில்லை என்றும், காட்டிக்கொடுத்ததும், பழியை அவர்மேல் திருப்பியதும் என் வாய் என்றும் சொல்வேன். அவர் கதவைச் சாத்தினால், திறக்கும்வரை நிற்பேன்.

உங்கள் நம்பிக்கைக்குத் தகாத,
உங்கள் தங்கையின் கணவன்,
செங்கதிர்