எஸ்தருக்குப் பக்கத்து இடம்

ஆனி, செவ்வாய்

சாரல். இன்றும் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை.

எழுத்துத் தெரியாது எனக்கு. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மகள் காட்டித் தந்தாள். எழுதியதை நானே படிக்க முடியாது. நல்லதுதான்.

மருத்துவ வண்டி வந்தது. பி.பி. கூடுதல், சிஸ்டர் ஏசினாள். எங்கள் மலைமேட்டில் திருப்ப இடமில்லாமல் வண்டி பின்பக்கமாகவே இறங்க, சக்கரம் ஓடையில். எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். டிரைவருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"இனி மேல வரமாட்டேன் பாட்டா. சீக்குக்காரங்கள ரோட்டுக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா திருப்ப எடம் காட்டுங்க."

மேல்வீட்டுப் பாக்கியத்தை எப்படிக் கொண்டுவர? வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறாள். மூத்திரக் குழாய் மாற்ற சிஸ்டர்தான் வரவேண்டும்.

புதன்

மழை விட்டது. சட்டை காயவில்லை.

வண்டி திரும்ப ஒரே இடம், என் முற்றம். அங்கே என் மனைவி எஸ்தரின் கல்லறை. பக்கத்தில் எனக்கென்று கல் அடுக்கி ஒதுக்கிய இடம். அதை விட்டுக்கொடுத்தால் போதும். கல்லறையைத் தொடவேண்டாம்.

எஸ்தர் சீக்காய்க் கிடந்தபோது வண்டி ஏது. பிளாஸ்டிக் நாற்காலியில் கமுகுக் கம்பு கட்டி இறக்கினோம். நீல நாற்காலி. ஒரு கால் வளைந்தது. வழி நெடுக "மெதுவா, மெதுவா" என்றாள். குலசேகரம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் இருந்தது. மறதி வந்தால் கொள்ளாம், நிம்மதி.

ஆனால் பாக்கியத்துக்காகவா? எங்கள் பலா மரத்துச் சக்கைப்பழம் வேலி தாண்டி அவள் விளையில் விழுந்தது, அறுத்துத் தின்றுவிட்டாள் என்று சண்டை. எஸ்தர் சாகும்வரை இருவருக்கும் பேச்சில்லை. உயிரோடு இருந்தால் சம்மதிப்பாளா?

வெள்ளி

தீப்பெட்டி, சீனி, தைலம். அருமனையிலிருந்து மகள் போன். முற்றத்து இடத்தை வண்டிக்கு விடப்போவதைச் சொன்னேன்.

"அப்பா, அது உங்களுக்க எடம்லா? அம்மைக்குப் பக்கத்தில கிடக்கணும்ணு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"பாக்கியம் மாமிக்காகவா விட்டுக்குடுக்கப் போறிய? அம்மை எந்திரிச்சு வந்து ஏசுவா."

"எந்திரிச்சு வந்தா சந்தோசம்தான் மக்களே."

பிறகு மெல்லக் கேட்டாள். "அப்போ உங்கள எங்க வைக்க?"



சனி

பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். கோணிய வாயால் பேச்சு.

"எஸ்தருக்க எடத்தில ஏறி வாற வண்டி எனக்கு வேண்டாம் அண்ணே."

"அது எனக்க எடம்."

"ரெண்டும் ஒண்ணுதான்." கூரையைப் பார்த்துக் கிடந்தாள். "அந்தச் சக்கை அழுகினது அண்ணே. ஒரு சுளைகூடத் தின்னல்லை."

"அப்பவே சொல்லப்பிடாதா?"

"அவ கேட்டாளா? ஏசினாள்லா. நானும் ஏசினேன்."

சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும்.

சாயங்காலம் என் இடத்துக் கல்லைப் பெயர்த்தேன். முதுகு போயிற்று.

ஆடி, செவ்வாய்

வெயில். வண்டி ஏறி வந்தது. முற்றத்தில் ஒரே சுற்றில் திரும்பிற்று. சிஸ்டர் பையோடு பாக்கியம் வீட்டுக்குப் போனாள்.

டிரைவர் இறங்கிப் பார்த்தான். "கல்லறையில தொடல்லை பாட்டா."

தெரியும். பக்கத்தில் நின்றுதானே பார்த்தேன். ஈரமண்ணில் டயர்த் தடம், நான் கிடக்கவேண்டிய இடத்தில்.

வண்டி போனபின் கல்லறையைச் சுற்றி நடந்தேன். எஸ்தரின் காலடியில், குறுக்கே, ஒரு ஆள் கிடக்கலாம். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"காலடியிலயா?" என்றாள். "அம்மைக்கு அது இஷ்டமாத்தான் இருக்கும்."