தசரா விடுமுறையில் வசந்தாவின் வகுப்பு

ஆக. 10, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வசந்தாவின் எம்.ஏ. விண்ணப்பத்தை இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். தபால் வழி, இரண்டு வருடம். வருடத்துக்கு ஒருமுறை பெங்களூர் விடுதியில் பத்து நாள் தங்கி வகுப்பு. போகாவிட்டால் அந்த வருடம் பரீட்சை இல்லை. எம்.ஏ. முடித்தால்தான் பள்ளியில் அவள் வேலை நிரந்தரம்.

முதல் தவணை: ஸ்கூட்டருக்குச் சேர்த்தது. விடுதிக்கு: என் ஆயுத பூஜை போனஸ். இங்கே மைசூரில் ஹெப்பாள் ஃபேக்டரிக்குப் போக இன்னும் இரண்டு வருடம் சைக்கிள்தான். தொப்பையாவது குறையும் என்கிறாள். கொழுப்பு.

வகுப்பு அக்டோபரிலா டிசம்பரிலா என்று கேட்டிருந்தது. அக்டோபரில் டிக் போட்டவன் நான். தசரா விடுமுறை, அவளுக்குச் சம்பளம் பிடிக்கமாட்டார்கள். என் மூளையே மூளை.

செப். 21, ஞாயிறு

கடிதம் வந்தது. வகுப்பு அக். 4 முதல் 13. காலண்டரில் குறிக்கப் போனேன். விஜயதசமி 11. ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து அக்கா குடும்பம் மொத்தமும் தசரா ஊர்வலம் பார்க்க வருமே! நஜர்பாத்தில் வீடு எடுத்த வருடத்திலிருந்து ஒரு தசரா விட்டதில்லை. மைசூரில் குடியிருந்துகொண்டு இதை மறந்து டிக் போட்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாற்ற முடியாதாம். பூத்திலிருந்து போன் போட்டுக் கேட்டாகிவிட்டது. அக்காவை வரவேண்டாம் என்று எழுத எனக்கு வாய் வராது, கையும் வராது. அவர்கள் வரும்போது தான் இல்லாமல் எப்படி என்கிறாள் வசந்தா. எனக்கோ வெந்நீர்தான் வைக்கத் தெரியும்.

“அடுத்த வருசம் பாத்துக்கலாங்க.”

திட்டியிருந்தால் தேவலை.

அக். 3, வெள்ளி

மேகமூட்டம். போனஸ் வந்தது. வசந்தாதான் போகவில்லையே, இனி யாருக்கு?

மற்றவர்கள் 10-ம் தேதிதான். அக்கா மட்டும் முன்கூட்டியே ஹனூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ராகி மாவு, தேங்காய், பூசணி இரண்டு. மூட்டையைப் பரணில் வைக்கச் சொன்னவள், வசந்தாவின் பெட்டி அங்கே பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். நகர்த்தினால் கனம்; வகுப்புக்கென்று அடுக்கிய துணி எல்லாம் உள்ளேயே. எங்கே பயணம் என்றாள். சொல்லிவிட்டேன். காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“ஏங் கண்ணு, நாங்க வருசா வருசம் வந்து பாத்துட்டுப் போறோம். நீ ஒருக்காவாச்சும் அந்த ஊர்வலத்தப் பாத்திருக்கறயா?”

வசந்தா சிரித்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் போவோம். யானை, அம்பாரி எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினால் சோறு சுடச்சுட இருக்கும். அது அவள் பார்க்காமல் விட்ட ஊர்வலம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

“பொட்டிய எறக்கு தம்பி. அடுப்ப நாம பாத்துக்கலாம்.”

அக். 4, சனி

காலை ரயில். பெருங்காயம் எந்த டப்பா, பால்காரரிடம் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும். ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி நகர்ந்த பிறகும் வாய் அசைந்தது. அக்கா இருந்தும் வீடு வெறிச்சென்று இருக்கிறது. இவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே எழுதலாம், நேரில் சொன்னால் கேலி செய்வாள்.

அக். 11, சனி

நல்ல வெயில். எல்லோரையும் ஊர்வலத்துக்கு அனுப்பினேன். அக்காவையும் விடாப்பிடியாக. எனக்கு அவள் ஒரு வாரம் கொடுத்த பயிற்சி போதும் என்றேன். பூசணிக்காய் சாம்பார். உப்பு ஒரு தடவை போட்டேனா, இரண்டு தடவையா? ஊர்வலம் கிளம்ப அரண்மனையில் பீரங்கி வெடித்தபோது கரண்டியோடு நின்றிருந்தேன்.

சாப்பிட்டவர்கள் குறை சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார்கள்.

சாயங்காலம் பூத். விடுதியில் அவளைக் கூப்பிட்டு வருவதற்குள் மீட்டர் எகிறிவிட்டது. இந்த வருடம் பீரங்கியை அடுப்படியில் நின்று கேட்டேன் என்றேன்.

“மேல் தட்டுல தம்ளரெல்லாம் ஆடுச்சா?”

“ஆடுச்சு.”