பாதி விலைக்கு வந்த டிஸ்க்

ஜனவரி 19, திங்கள்

காலையில் நல்ல குளிர். பனியில் மலை தெரியவில்லை. முழங்கால் வலி, வெந்நீர் ஒத்தடம். பால்காரன் தாமதம். கேட்டால் "ஸ்வல்ப லேட் ஆயித்து அஜ்ஜி" என்கிறான். தினமும் அதே ஸ்வல்பம், அதே கொஞ்சம்.

மகன் மணிக்குத் தை மாசக் கல்யாணங்கள் ஆரம்பம். கேமராவைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டான். எடுக்கிற படத்தைப் போட்டு வைக்கத்தான் இடம் இல்லை. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் கேமராவில் இருப்பதை ஒரு டிஸ்க்கில் இறக்குவான். அந்த டிஸ்க்கெல்லாம் நிரம்பிவிட்டன. புதிது வாங்கப் போனால் விலை ஏறிக் கிடக்கிறது. கடைக்காரன் காலையில் ஒரு விலை சொல்கிறான், சாயங்காலம் வேறு விலை. ஆடியில் வாங்கியதற்கு இப்போது இரண்டு பங்கு. தங்கம்தான் இப்படி ஆடும் என்று நினைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்டேன். வெளிநாட்டில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்களாம். உலகத்தில் செய்கிற, டிஸ்க்குக்குள் வைக்கிற சில்லை எல்லாம் அவர்களே அள்ளிக்கொண்டு போகிறார்களாம். விலை இறங்கட்டும், இறங்கட்டும் என்று மார்கழி முழுக்கக் காத்திருந்தான். இறங்கவில்லை.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், ஊதுவத்தி, வலி மாத்திரை (நீலப் பட்டை), அவரைக்காய் மலிந்தால்.

இந்த நோட்டு பேத்தியின் போன வருஷத்து நோட்டில் மிச்சம். அவள் கன்னடம் எழுதுவாள், இங்கிலீஷ் எழுதுவாள், தமிழ் படிக்கத் தெரியாது. மருமகளுக்கும் தெரியாது. மணி எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும். நாலாவது வரை படித்தது இதற்காவது உதவுகிறது.

ஜனவரி 21, புதன்

டிஸ்க் வந்துவிட்டது. போனில் பார்த்து வாங்கியது. கடை விலையில் பாதி. இன்றைக்கு மட்டும்தான், சரக்கு தீரப் போகிறது என்று போட்டிருந்ததாம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கையில் வைத்துப் பார்த்தேன், எடையே இல்லை. சொன்னேன். "இதுல எடை பாக்கக் கூடாதும்மா. நல்லதும் இதே எடைதான்" என்று பழையதை எடுத்து என் கையில் வைத்தான். அதுவும் அப்படித்தான் இருந்தது.

எப்போதும் ஒரே படத்தை இரண்டு டிஸ்க்கில் வைப்பான். ஒன்று போனால் இன்னொன்று. தொழில் கற்ற இடத்தில் அப்படித்தான் பழக்கினார்கள். இந்தத் தடவை ஒன்றே ஒன்று. இன்னொன்றை விலை இறங்கினதும் வாங்கிக்கொள்கிறேன் என்றான். பழையதில் இருந்ததை எல்லாம் இதில் ஏற்றினான். பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பெரும்பாலும் கொடுத்து முடித்த கல்யாணங்கள். கொடுக்க வேண்டியது ஒன்று, 'தீபா, நஞ்சன்கூடு'. ஆவணியில் எடுத்தது. எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்தால்தான் படத்தை முடிப்பான். அவர்கள் இன்னும் கொடுக்கவில்லை.

பெயர்கள் எல்லாம் வந்துவிட்டதைப் பார்த்துவிட்டுப் பழைய டிஸ்க் இரண்டையும் துடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அவை வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

ச. போன். எனக்கு இல்லை, மணிக்கு. ச. என்றால் சரசு, என் கூடப் பிறந்தவள், தீபாவின் அம்மா. மறுபடி முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

கார்த்திகையில் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். பஸ்ஸுக்கு நின்றவர் நின்ற இடத்திலேயே. மணி போய் வந்தான். நான் போகவில்லை.

பத்தொன்பது வருஷம். என் வீட்டுக்காரர் செத்த அன்று, வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டே அந்த ஆள், ச.வின் வீட்டுக்காரர், சொன்னார்: "குடிச்சே ஒழிஞ்சான். ஊருக்கெல்லாம் வீடு கட்டுனான், பொண்டாட்டிக்கு ஒரு செங்கல் வெக்கல." வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மசிக்கறை. இடது காலை இரண்டு தரம் கழுவினார். உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ச. பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நானும் அதற்குப் பிறகு அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

தீபா கல்யாணத்துக்கு இருவரும் வந்து தாம்பூலம் வைத்தார்கள். நான் குளியலறையில் இருந்தேன், அவர்கள் போகிற வரைக்கும். மணி கேமராவோடு போனான். தொழிலுக்குப் போகிறான், உறவுக்கு இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தேன்.

இப்போது ச. படத்தைக் கேட்கிறாள். பாட்டு வேண்டாம், வெட்ட வேண்டாம், எடுத்தபடியே கொடு, அவர் நடக்கிறதையும் பேசுகிறதையும் பார்க்க வேண்டும் என்றாளாம். அடுத்த வாரம் தருகிறேன் சித்தி என்று மணி சொல்லிவிட்டான்.

ராத்திரி ரசம் மட்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

மணி ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டான், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கல்யாணம். வெயில் ஏறினதும் அவரைக்காய் உரித்தேன். மருமகள் உப்பிட்டு (உப்புமாதான்) செய்தாள், உப்பு கம்மி. சொல்லவில்லை. சொன்னால் முகம் தூக்குவாள். அவள் முகம் தூக்கியது போன தீபாவளியிலிருந்து ஆறாவது தரம்.

ஜனவரி 27, செவ்வாய்

போயிற்று.

ச.வுக்குக் கொடுக்கலாம் என்று மணி புது டிஸ்க்கைத் திறந்தான். பெயர் எல்லாம் இருக்கிறது. தொட்டால் ஒன்றும் வரவில்லை, கறுப்பு. அடுத்ததைத் தொட்டான், கறுப்பு. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான். கடைசியில் ஏற்றிய ஒரு காதுகுத்து மட்டும் ஓடியது. யாரோ ஒரு குழந்தை கத்துகிறது.

தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் ஓடினான். அவர் பிரித்துக் காட்டினாராம். உள்ளே சின்னச் சில்லு ஒன்று, பசை போட்டு ஒட்டி. பெரிய டிஸ்க் என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். கொள்கிற வரைக்கும் கொள்ளும், நிரம்பினால் முதலில் வைத்ததன் மேலேயே மறுபடி எழுதும். பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருக்கும். விலை ஏறினதிலிருந்து இப்படி நிறைய வருகிறதாம்.

தீபா கல்யாணம்தான் முதலில் ஏற்றியது.

பழைய டிஸ்க்குகளில் தோண்டிப் பார்க்க முடியாதா என்றேன். இரண்டின் மேலும் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. விற்றவனைப் போனில் தேடினான். அந்தக் கடைப் பக்கமே இல்லை.

மணி கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. திட்டலாம் என்று போனவள் திட்டாமல் திரும்பினேன்.

நேற்று வரைக்கும் அந்த ஆள் படம் எரிந்தால் எனக்கென்ன என்றிருந்தேன். இன்று போய்விட்டது. சந்தோஷம் வரவில்லை. எங்காவது இருக்கிறதா என்று மனசுக்குள் தேடினேன். இல்லை.

ஜனவரி 29, வியாழன்

மணிக்குப் போனில் சொல்ல வரவில்லை. நேரில் வாங்க சித்தி என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ச. படம் தயார் என்று நினைத்து வந்துவிட்டாள். பதினொரு மணி பஸ். நெற்றி வெறுமை. இளைத்துவிட்டாள். பையில் நஞ்சன்கூட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, படம் ஏற்றிக்கொள்ள ஒரு பென் டிரைவ்.

மணி சொன்னான். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "கொஞ்சங்கூட இல்லையா சாமி? ஒரு நிமிசம்?" என்று மட்டும் கேட்டாள். அவன் வெளியே போய்விட்டான்.

நானும் அவளும் மட்டும். காப்பி போட்டேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு, சர்க்கரை போடலாமா என்று. போடலாம் என்றாள்.

போட்டோ ஆல்பம் இருக்கிறதாம். அதில் எல்லாரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கிறார்கள், அது அவர் இல்லை என்கிறாள்.

அப்போது நான் சொன்னேன், படத்தில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும் என்று. உண்மைதான். ஆவணியில் மணி இந்த அறையில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பார்க்காதது போலப் பார்த்தேன். அந்த ஆள் என்ன தப்புச் செய்கிறார் என்றே பார்த்தேன். அதனால் ஒன்றும் விடவில்லை.

சொன்னேன். சமையல்காரரிடம் போய்ப் பாயசம் தண்ணி என்று சண்டை போட்டது. கரண்டியைப் பிடுங்கித் தானே கிண்டிச் சட்டையில் கொட்டிக்கொண்டது. மாலை குத்துகிறது என்று கழுத்தைச் சொறிந்தது, அதுவும் சம்பந்தி பேசும்போது. செருப்பைக் காணோம் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது, அது அவர் காலிலேயே இருந்தது. மேடையில் ஐயர் திட்டிய பிறகுதான் கழற்றினார்.

ச. சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி. "அவரேதானக்கா, அப்படியே அவரேதான்" என்றாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலம். சிறுவயதில் ஹனூர்ச் சந்தையில் சிரித்தால் நான்தான் வாயைப் பொத்துவேன்.

பிறகு கேட்டாள். "தாரை வாக்கும்போது எப்படி இருந்தாருக்கா? நாந்தான தண்ணி ஊத்துனேன். சிந்தக் கூடாதுன்னு செம்பையே பாத்துட்டிருந்தேன். அவரு மொகத்தப் பாக்கல. அதுக்குத்தான் படம் வேணும்னேன்."

போட்டோவில் அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய தோள் மறைக்கிறதாம்.

கவனிக்கவில்லை என்றேன். கீரையில் பூச்சி இருந்தது, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள். வாழைப்பழம் மேஜைமேல்.

ஜனவரி 30, வெள்ளி

மேகம். துணி காயவில்லை. ரேஷனுக்குப் போனேன், சர்வர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பூச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. சொல்ல வாய் வரவில்லை. பாயசத்தையும் செருப்பையும் வாரி வாரிக் கொடுக்க முடிந்தது. அது எனக்குச் செலவில்லை. இதைச் சொன்னால் அந்த ஆள் நல்லவராகிவிடுவார், என் வாயாலேயே. டிரம் பக்கத்தில் கால் கழுவினவர் எங்கே போவார்?

டிஸ்க் விலை இன்னும் ஏறுமாம். மணி மோதிரத்தை அடகு வைத்துக் கடையிலேயே ஒன்று வாங்கி வந்தான், ரசீதோடு. இரண்டு தரம் நிரப்பிப் பார்த்து, திறந்து பார்த்து, அப்புறம்தான் மூச்சு விட்டான். சித்தியை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்கிறான். எனக்கும் இறங்கவில்லை. அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 31, சனி

ஒன்றும் இல்லை. வலி மாத்திரை இரண்டு.

பிப்ரவரி 1, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் நஞ்சன்கூடு பஸ் ஏறினேன். கூட்டம், கோயிலுக்குப் போகிறவர்கள். கண்டக்டர் ஆதார் கார்டு கேட்டான், காட்டினேன், டிக்கெட் இலவசம். ஜன்னல் சீட்டு ஒரு பெண் விட்டுக் கொடுத்தாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்று.

ச. துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன். பாத்தேன். அவரு தண்ணியப் பாக்கல, பொண்ணையும் பாக்கல. நீ செம்புல கண்ணு வெச்சிருந்த. அவரு உன்னையத்தான் பாத்துட்டிருந்தாரு சரசு. ஐயரு மந்திரம் முடிக்கிற வரைக்கும்."

எப்படிப் பார்த்தார் என்றுகூட அவள் கேட்கவில்லை. குழாயை மூடினாள். சுவரில் சாய்ந்து அழுதாள். என்மேல் சாயவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஈரத் துணி பக்கெட்டில் கிடந்தது, நான் பிழிந்து கொடியில் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். அவரைக்காய்க் குழம்பு, நன்றாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் என்னை அப்படிப் பார்த்த நாள் ஒன்றாவது உண்டா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வருஷமாக. இல்லை. இருந்திருந்தால் எனக்கு மறந்திருக்காது.