மீட்டர் ஓடட்டும்

ஜனவரி 21, செவ்வாய், காலை ஆறரை மணி. வாசல் மீட்டரில் 4318.

அக்கா,

நேற்று நான் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரே ஒரு யூனிட்தான் ஓடியிருந்தது. பகல் முழுக்க ஹீட்டரை அணைத்துவிட்டு, என் பஸ் வரும் நேரத்துக்குப் போட்டிருக்கிறாய்.

“ஒத்த ஆளுக்கு எதுக்குடி ஹீட்டர், போர்வை இருக்குல்ல” என்று நீ சொன்னதும் கத்திவிட்டேன். கத்தியது தப்பு. ஆனால் உடைந்த காலோடு நீ குளிரில் கிடப்பது அதைவிடப் பெரிய தப்பு.

குளிர்கால மின்சார உதவி நமக்குக் கிடைத்துவிட்டது. கடிதம் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. மார்ச் வரை ஹீட்டர் செலவை அரசாங்கமே ஏற்கிறது. நீ நடுங்கி மிச்சம் பிடித்தாலும் நமக்கு எதுவும் திரும்பி வராது, கஞ்சமகாபிரபு!

வேலை போய்விடும் என்றுதானே இத்தனை சிக்கனம்? உன்னைப் போல் வேலை செய்யும் கிடங்கில் விழுந்து அடிபட்டவரை, விடுப்பில் இருக்கும்போது நீக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தொழிற்சங்கத்து அண்ணனிடம் கேட்டேன். “உங்க அக்கா இடத்துல வேற ஆளப் போடட்டும், அப்புறம் இருக்கு அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு” என்றார்.

சூப் அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துக் குடி.

மாலையில் வந்ததும் மீட்டரைத்தான் முதலில் பார்ப்பேன். 4326-க்குக் குறைந்திருந்தால் உன்னோடு பேச மாட்டேன்.

மறந்துவிட்டேன்: என் கம்பளிக் காலுறை நாற்காலியில் இருக்கிறது. ஒன்றுதான் வைத்திருக்கிறேன். இன்னொரு காலில்தான் மாவுக்கட்டு இருக்கிறதே.

(அடியில், அக்காவின் கையெழுத்தில்)

மாலை ஐந்தரை. 4327. சூப் குடித்தாயிற்று.