சாமி கேட்ட சுருட்டு

தாராவி, பம்பாய்
1944, கார்த்திகை மாதம்

அன்பு மகள் தங்கமயிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க இசக்கியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ரேஷன் அரிசியில் கல் அதிகம், புடைத்துப் புடைத்துக் கை ஓய்ந்து போகிறது. பக்கத்து வீட்டு நஜிமுதீன் பாய் மகள் சாயிராவுக்குக் கல்யாணம் முடிந்தது, உன்னை ரொம்பக் கேட்டாள். இப்படி நாலு சமாசாரம் எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன், முடியவில்லை. இந்த வாரம் நம் வீட்டில் நடந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்தச் சந்தில் யாரிடமும் வாய் திறக்க முடியாது, அதனால் உன்னிடம் கொட்டுகிறேன். மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பா புகை பிடிக்காதவர் என்பது தாராவிக்கே தெரியும். தோல் கிட்டங்கியில் கூட வேலை செய்கிறவர்கள் பீடியை நீட்டினால் கையை உதறுவார். வருஷத்துக்கு ஒரு தடவை, கோயில் கொடையில், சுடலைமாடன் அவர் மேல் இறங்கி ஆடும்போது மட்டும் படையலில் இருக்கிற சுருட்டை எடுத்துப் பற்றவைப்பார். அதுவும் சாமி பிடிக்கிற சுருட்டு, அவருடையது இல்லை. ஆட்டம் முடிந்து எழுந்ததும் வாயெல்லாம் நாறுகிறதே என்று அவரே முகத்தைச் சுளிப்பார், நீ சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்படிப்பட்ட மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள் சொல்.

உன் சிநேகிதி பிச்சம்மாளின் புருஷன் கணேசபாண்டியன், சித்திரையில் துறைமுகத்தில் கப்பல் வெடித்த அன்று மூட்டை தூக்குகிற ஹமால் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை என்று அப்போதே எழுதியிருந்தேன். வைகாசிக் கொடையில் அவள் மாடன் முன்னால் விழுந்து கதறிக் கேட்டாள். உயிரோடு இருக்கிறான், வருவான் என்று உன் அப்பா மேல் நின்ற சாமி வாக்குக் கொடுத்தது. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வெற்றிலை பாக்கும் சுருட்டும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வர ஆரம்பித்தாள். யுத்த காலத்தில் திருச்சிச் சுருட்டு லேசில் கிடைக்கிறதா, தாதர் வரைக்கும் நடந்து கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி வருவாள். சாமி வரும், புகை விடும், வருவான் என்று சொல்லும், அவளும் முகம் தெளிந்து போவாள். கொஞ்ச நாளில் செவ்வாய்க்கிழமையும் சாமி வந்தது, அப்புறம் கிழமைக் கணக்கே இல்லை. மாடனுக்கு நம் வீட்டின் மேல் இவ்வளவு பிரியமா என்று நானும் வாசலைக் கழுவி விளக்கேற்றி வைத்தேன், என் புத்தியை என்னவென்று சொல்ல.

போன வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. உன் அப்பா குளித்து நீறு பூசி உட்கார்ந்திருந்தார். நேரம் ஆக ஆக விரல் நடுங்கியது, நெற்றி வியர்த்தது, சாமி வரப்போகிறது என்று நான் சூடத்தை எடுத்தேன். அதைத் தட்டிவிட்டார். சோற்றுத் தட்டைத் தள்ளினார், கண்ணில் பட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார், பிறகு விறுவிறு என்று எழுந்து அவள் வீட்டுக்கே போனார். பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவளை வாசலில் நின்று கூப்பிட்டு, "ஏன் தாயி இன்னைக்கு வரல? சாமி காத்துக்கிட்டுல்லா இருக்கு. சுருட்டு வாங்கி வச்சிருக்கியா?" என்று கேட்டார். அந்தக் குரல் மாடன் குரலும் இல்லை, உன் அப்பா குரலும் இல்லை. சாமி வீடு தேடிப் போய்ப் பிச்சை கேட்குமா தங்கமயில்?

வீட்டுக்கு இழுத்து வந்து கதவைச் சாத்திக் கேட்டேன். முதலில் சாமி மேலேயே பழியைப் போட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஆடி மாதத்துக்கு அப்புறம் ஒரு நாள்கூடச் சாமி வரவில்லை என்றார். புகை உள்ளே போனால்தான் உடம்பு நிலைக்கு வருகிறதாம், சாமி வந்தால்தானே சுருட்டு வரும், அதனால் ஆடினாராம். "நான் சுருட்டு குடிக்கேன்னு எனக்கே தெரியல பேச்சி, சாமிதான் குடிக்குன்னு நெனச்சேன்" என்றார். அப்படியானால் பிச்சம்மாளுக்குச் சொன்ன வாக்கு யாருடையது என்று கேட்டேன். பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தார். ஒரு சுருட்டுக்காகவா ஒருத்தி தாலியை வைத்து விளையாடினார்? இத்தனை வருஷம் யாருக்குச் சோறு போட்டேன் என்றே தெரியவில்லை.

அவளிடம் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டு அவளே வந்தாள், கையில் சுருட்டு. உன் அப்பா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கோபப்படவே இல்லை. சுருட்டை அவர் முன்னால் பாயில் நகர்த்தி வைத்து, "சாமி சொல்லாண்டாம் மாமா. நீங்களே சொல்லுங்க, வந்திருவாருன்னு. எனக்கு அது போதும்" என்றாள். உன் அப்பா சுருட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முட்டிமேல் வைத்திருந்த கை ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில், "இல்ல தாயி, அவன் வரமாட்டான்" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் அவள் அழுதாள், இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை. கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவள் ஓய்ந்த பிறகு பார்த்தால் பாயில் சுருட்டைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் குந்தி, அழுதுகொண்டே பிடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சம்பளத்தன்று ஒரு சுருட்டு பிடிக்கிறார் என்று சடைத்துக்கொண்டு எழுதியிருந்தாயே, அதற்குச் சண்டை போடாதே. நம் நஜிமுதீன் பாயும் வெள்ளித் தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு அரைச் சுருட்டு ரசித்துப் பிடிக்கிறவர்தான், நோன்பு மாதம் முழுக்கத் தொடமாட்டார், கேட்டால் மறந்தே போச்சு என்று சிரிப்பார். அப்படி இருந்தால் இருக்கட்டும். சுருட்டு கிடைக்காத அன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கவனித்துக்கொள். எரிந்து விழுந்தாலோ, பிடிப்பதற்கு ஏதாவது காரணம் சொல்ல ஆரம்பித்தாலோ எனக்கு உடனே எழுது. உன் அப்பா இனிமேல் சாமியாட மாட்டேன் என்று மாடன் பீடத்தில் சூடம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். சுருட்டையும் விடுவதாகச் சொல்லுங்கள் என்றேன், அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

குடத்தைத் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. சுகப்பிரசவமாகி நீயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே, பிச்சம்மாளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இதுவரை எழுதிய கடிதத்தில் எல்லாம் கணேசபாண்டியன் அண்ணன் வந்துவிட்டாரா என்று கேட்டிருந்தாய். இனிமேல் கேட்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
பேச்சியம்மாள்