இருபத்தெட்டு அங்குலச் சக்கரம்

தாது வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு

இன்று அவிநாசி ரோட்டில் மாமனார் எதிரே நடந்து வந்தார். பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று பேசுவதுதான் மரியாதை. நான் இறங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மிதித்துக்கொண்டே போய்விட்டேன்.

இறங்க முடியவில்லை என்பதுதான் உண்மை. என் கால் தரைக்கு எட்டாது. சாமான்களைத் தனித்தனியாக எடுத்து எனக்கென்று சைக்கிள் கோத்துக் கொடுத்த கடைக்காரர், "உங்க உசரத்துக்கு இருபத்தாறு சக்கரமே போதுமுங்க" என்றார். நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டே போடச் சொன்னேன். டயரும் இருப்பதிலேயே தடித்ததாகக் கேட்டேன். வண்டித் தடத்து மணலுக்கு ஆகும் என்று சமாதானம் சொன்னேன். இன்னும் ஒரு விரற்கடை உயரம் கிடைக்குமே என்றுதான் கேட்டேன்.

ராத்திரி சோறு போடும்போது இவள் கேட்டாள்: "ஏனுங்க, அப்பாவைப் பாத்தும் எறங்காமப் போயிட்டீங்களாமா?"

பிரேக் பிடிக்கவில்லை என்றேன். கூசாமல் சொன்னேன். குள்ளன் என்று தெரிவதைவிட, திமிர் பிடித்தவன் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

இவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நம்ம வாசல்ல ஒடஞ்ச ஆட்டுக்கல்லைப் போட்டு வெச்சிருக்கறனுங்களே, அதே மாதிரி அப்பா ஊட்டு முன்னாலயும் ஒண்ணு போடச் சொல்லட்டுங்களா?"

தினமும் அந்தக் கல்லில் கால் ஊன்றித்தான் இறங்குகிறேன். அது எப்படி அங்கே வந்தது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.